பல் வைத்தியர் நனைந்த பிற்பகல்

பல் வைத்தியரின் மூக்குக்கண்ணாடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் அதைக் கழற்றவில்லை. இரண்டு கைகளையும் தொடைமேல் வைத்தபடி கல் இருக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். சாம்பல் நிறக் கோட்டு கறுப்பாகிவிட்டது. தலைமயிர், இருந்த கொஞ்சமும், நெற்றியில் ஒட்டியிருந்தது.

அவரைச் சுற்றி, நிலத்தில் பதித்த கூழாங்கற்களுக்கு நடுவே அறுபத்திரண்டு துளைகளிலிருந்து தண்ணீர் மேலே பாய்ந்துகொண்டிருந்தது. அறுபத்திரண்டு என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். ஒவ்வொன்றையும் நான்தான் சைக்கிள் கம்பியால் குத்தித் துப்புரவாக்கினேன்.

இன்னும் பத்து நாட்களில் அந்தப் பல் வைத்தியர் என்னையும் என் மனைவி சுகந்தியையும் எதிரே இருத்தி, இவர்களைச் சுவிஸ் குடிமக்களாக ஏற்கலாமா என்று விசாரிக்க இருந்தார்.

மூன்று மணி நேர ரயில்

போன வாரம் இந்தத் தொடரை, சூரிச் லாங்ஸ்ட்ராஸவில் ஓர் உணவகத்தில் நான் கோப்பை கழுவிய காலத்தோடு நிறுத்தியிருந்தேன். அங்கே பதினான்கு வருடம் நின்றேன். 2009 மே மாதத்துக்குப் பிறகு என்னால் நிற்க முடியவில்லை.

சமையலறையில் ஒரு குறையும் இல்லை. நாங்கள் நான்கு பேரும் ஊர்க்காரர். காலையில் வந்ததும் ஒருவரையொருவர், "ஏதும் செய்தி வந்ததோ?" என்று கேட்போம். யாருக்கும் வராது. அடுத்த நாளும் கேட்போம். எனக்கு ஒரு தம்பி இருந்தான். ஜூன் முடிந்த பிறகு மற்றவர்கள் என்னிடம் கேட்பதை நிறுத்திவிட்டார்கள். அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

அந்த நேரம் சுகந்திக்குத் தெசீனில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்தது. தெசீன் தெற்கே இருக்கும் மாநிலம். இத்தாலியன் பேசுவார்கள். மூன்று மணி நேர ரயில், நடுவில் ஒரு நீளமான சுரங்கம். சுரங்கத்துக்குள் போகும்போது எனக்கு ஜெர்மன் தெரிந்திருந்தது. வெளியே வந்தபோது ஒரு மொழியும் தெரியாதவனாக இருந்தேன்.

இத்தாலியனை இரண்டு வருடத்தில் பொறுக்கி எடுத்தேன். இந்த அத்தியாயத்தில் வருகிறவர்கள் எல்லோரும் அந்த மொழியில்தான் பேசினார்கள். ஆனால் என் தலைக்குள் அவர்கள் யாழ்ப்பாணத் தமிழில்தான் கதைத்தார்கள். எனக்குக் கேட்டபடியே எழுதுகிறேன்.

நாற்பத்தொரு ஜன்னல்

வேலை ஒரு பழைய வில்லாவில் கிடைத்தது. ஏரிக்கு மேலே, சரிவில், மஞ்சள் சுவரும் பச்சைக் கதவுமாக நின்ற வீடு. மிலான் பக்கத்துப் பட்டு வியாபாரி ஒருவர் கோடையைக் கழிக்கக் கட்டினாராம். இருநூற்றைம்பது வருடம் பழையது என்று தோட்டக்காரர் புரூனோ சொல்வார். முந்நூறு என்று வீட்டுக்காரி சொல்வார். சுவிஸ்காரர் அதை இத்தாலிய வீடு என்பார்கள். எல்லைக்கு அப்பாலிருந்து தினமும் வேலைக்கு வந்துபோகும் புரூனோ அதைச் சுவிஸ் வீடு என்பார்.

நாற்பத்தொரு ஜன்னல்கள். திங்களும் செவ்வாயும் நான் ஜன்னல்களோடு. மிச்ச நாட்கள் புரூனோவோடு பூங்காவில்.

பூங்கா படிப்படியாக ஏரிவரை இறங்கியது. முதல் படியில் கத்தரித்த புதர்வேலி. இரண்டாவதில் பெரிய மண்சாடிகளில் எலுமிச்சை மரங்கள். குளிர்காலம் வந்தால் அவற்றை ஒவ்வொன்றாகத் தள்ளுவண்டியில் ஏற்றிக் கண்ணாடிக் கூடத்துக்குள் கொண்டுபோய் வைக்க வேண்டும். மரங்களுக்குக் கூடம் இருந்தது. சூரிச்சில் நான் முதல் மூன்று வருடம் இருந்த அகதி முகாமைவிட அது பெரியது. மூன்றாவது படியில் சிப்பியும் கூழாங்கல்லும் பதித்த ஒரு செயற்கைக் குகை. அதன் வாசலில் கல் இருக்கை.

புரூனோவுக்கு அறுபது வயதிருக்கும். ஒரு முழங்கால் மடங்காது. நான் அவரை அண்ணை என்றே கூப்பிட்டேன். அவர் அதை என்னவென்று விளங்கிக்கொண்டாரோ தெரியாது. கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார்.

வீட்டுக்காரியை எல்லோரும் சீன்யோரா என்றார்கள். எண்பத்தாறு வயது. பிள்ளைகள் இல்லை. அந்தக் குடும்பத்தில் கடைசி ஆள். தினமும் காலையில் கைத்தடியோடு எலுமிச்சைகளைப் பார்வையிட வருவார். ஒரு காயைத் தொடக்கூட வேறு யாருக்கும் அனுமதியில்லை, புரூனோவுக்கும் இல்லை.

ஒருநாள் நான் சாடியைக் கழுவிக்கொண்டிருந்தபோது சீன்யோரா பின்னால் வந்து நின்றார்.

"உங்கட ஆக்கள் அங்க ஆரும் இருக்கினமோ?"

"தம்பி ஒருத்தன் இருந்தவன்."

"இருந்தவனோ?"

"ஓம்."

அவர் மரத்திலிருந்து ஓர் எலுமிச்சையைப் பிடுங்கி என் கையில் வைத்துவிட்டுப் போனார். அதை என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு கிழமை காற்சட்டைப் பையில் வைத்திருந்தேன். பிறகு சுகந்தி உடுப்புத் தோய்க்கும்போது கண்டெடுத்து மீன்குழம்பில் பிழிந்தாள்.

மேற்றிராணியாரும் ஒன்பது வயதுப் பிள்ளையும்

கல் இருக்கையின் கதையைச் சீன்யோராதான் சொன்னார்.

அந்தக் காலத்துப் பெரிய மனிதர்களுக்கு விருந்தாளிகளை நனைப்பது ஒரு பொழுதுபோக்கு. விருந்தாளியைப் பூங்கா பார்க்கக் கூட்டிவருவார்கள். வெயிலில் நடந்து களைத்தவர் குகை வாசலில் உட்காருவார். உள்ளே ஒரு வேலையாள் ஒளிந்திருந்து குழாயைத் திறப்பான். நிலத்திலிருந்து தண்ணீர் பாயும். வீட்டுக்காரர் சிரிப்பார். விருந்தாளியும் சிரிக்க வேண்டும், அதுதான் மரியாதை.

சீன்யோராவுக்கு ஒன்பது வயதாயிருந்தபோது ஒரு மேற்றிராணியார், அதாவது கத்தோலிக்க ஆயர், விருந்துக்கு வந்தார். அவருக்கு அருகில் சீன்யோரா உட்கார்ந்திருந்தார். வேலையாள் குழாயைத் திறந்துவிட்டான். மேற்றிராணியார் சிரிக்கவில்லை. அடுத்த நாளே சீன்யோராவின் தகப்பனார் குழாயை மூடிச் சாந்து பூசிவிட்டார். அதன்பின் ஒருதரும் திறக்கவில்லை.

"நான் நல்லா நனைஞ்சனான்," என்றார் சீன்யோரா. "அதுக்குப் பிறகு இந்த வீட்டில அப்பிடிச் சந்தோசமா ஒரு நாளும் இருந்ததில்ல."

அவர் வில்லாவையும் பூங்காவையும் ஊருக்கு எழுதிக் கொடுக்க முடிவுசெய்திருந்தார். சூரிச்சில் கெமைண்ட என்பதை இங்கே கொமூனே என்பார்கள், ஊராட்சி. அதற்கு முன்னால் அந்தத் தண்ணீரை ஒருதரம் பார்க்க விரும்பினார். மிலானிலிருந்து ஒரு வல்லுநர் வந்து பார்த்தார். முழு நிலத்தையும் கிண்ட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் வல்லுநர் இல்லை. ஆனால் பதினான்கு வருடம் கோப்பை கழுவியவனுக்குத் தண்ணீர் எங்கே போகும், எங்கே அடைக்கும் என்பது தெரியும்.

ஒரு பைக்கற் மஞ்சள்தூள்

பூங்காவுக்கு மேலே, காட்டு ஓரத்தில், ஊற்றுத் தண்ணீர் சேரும் பழைய தொட்டி இருந்தது. அங்கிருந்துதான் குழாய் வர வேண்டும். எப்படி வருகிறது என்பது எந்தப் படத்திலும் இல்லை. நான் வீட்டிலிருந்து ஒரு கிலோ மஞ்சள்தூளைக் கொண்டுபோய்த் தொட்டியில் கரைத்தேன். பிறகு கீழே வந்து புரூனோவோடு காத்திருந்தேன்.

"சாப்பாட்டுச் சாமானோ?" என்று கேட்டார் புரூனோ.

"ஓம்."

"மணக்குது," என்றார்.

இரண்டு மணி நேரம் கழித்துக் குகையின் பின்சுவரில் ஒரு வெடிப்பு மஞ்சளாக அழத் தொடங்கியது. அந்த இடத்தில் சாந்தை உடைத்தோம். உள்ளே ஓர் ஆள் நிற்கக்கூடிய அறை. ஈயக் குழாய், துருவேறிப்போன திருகு. சுவரில், கண் உயரத்தில், ஒரு விரல் அகலத்துக்கு ஒரு பிளவு. அதில் கண்ணை வைத்தால் கல் இருக்கை அப்படியே தெரிந்தது. எனக்குக் குனியவும் தேவையில்லை, எம்பவும் தேவையில்லை. வேலையாள் என் உயரம்தான் இருந்திருக்க வேண்டும்.

மஞ்சளைத் தேடிய சுகந்தி நான்கு நாள் முகம் கொடுக்கவில்லை. அந்த ஊரில் தமிழ்க்கடை இல்லை, சூரிச்சிலிருந்துதான் வர வேண்டும்.

வேலை முடிய ஐந்து மாதம் எடுத்தது. புரூனோ புதிய பித்தளைத் திருகு பூட்டினார். நான் துளைகளில் படிந்திருந்த சுண்ணாம்பை வினாகிரி ஊற்றி ஊற வைத்து, கம்பியால் குத்தி எடுத்தேன். கோப்பி மெசினை அப்படித்தான் துப்புரவாக்குவோம். ஏப்பிரலில் பரிசோதனை செய்தோம். புரூனோ குடையோடு கல் இருக்கையில் உட்கார்ந்தார். தண்ணீர் கீழிருந்து வரும் என்பதை அவர் யோசிக்கவில்லை.

சுகந்திக்குக் கொடுத்த வாக்கு

அந்த நாட்களில்தான் எங்கள் குடியுரிமை விண்ணப்பம் கொமூனேயில் கிடந்தது. விசாரிக்கும் குழுவுக்குத் தலைவர் அந்த ஊர்ப் பல் வைத்தியர். குள்ளமான, அளந்து பேசுகிற மனிதர். என் இரண்டு கடைவாய்ப் பற்களை அவர்தான் பிடுங்கினார். என் வாய்க்குள் இருப்பது எல்லாம் அவருக்குத் தெரியும்.

வில்லாவைக் கையளிக்கும் விழா ஜூனில் வைத்தார்கள். கொமூனேக்காரர்கள் எல்லோரும் வருவார்கள் என்று கேள்விப்பட்டதும் சுகந்தி என்னைக் கதிரையில் இருத்தினாள்.

"இஞ்சேருங்கோ, பாஸ்போட் கைக்கு வருமட்டும் நீங்கள் ஒரு குழாயும் திறக்கக்கூடாது. விளங்குதோ?"

"விளங்குது."

"சொல்லுங்கோ."

"திறக்கமாட்டன்."

இதை நான் மனதாரத்தான் சொன்னேன். மறுநாள் சீன்யோராவிடம் போய், விருந்தாளிகள் போனபிறகு தண்ணீரைத் திறந்து காட்டுகிறேன் என்றேன்.

"ஆக்கள் போனாப் பிறகு ஆரை நனைக்கிறது?" என்று கேட்டார்.

"என்னை நனையுங்கோ."

"நீங்கள் திறக்கிற ஆள். நனையிற ஆள் வேற." கைத்தடியால் நிலத்தில் ஒருதரம் தட்டினார். "நான் இந்தத் தடியைத் தூக்கினால் திறவுங்கோ. தூக்காட்டிச் சும்மா இருங்கோ."

அவர் தூக்கமாட்டார் என்று நம்பினேன். எண்பத்தாறு வயதில் கை நடுங்கும், மறதியும் வரும் என்றெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பிளவுக்குள் என் கண்

விழாவில் ஐந்து பேர் பேசினார்கள். நல்ல வெயில். நான் அறைக்குள் நின்று பிளவு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஈரச் சுவரும் பழைய ஈயமும் மணத்தன. இருபது இருபத்தைந்து பேர் நின்றார்கள். சீன்யோரா மட்டும் பிரம்பு நாற்காலியில் இருந்தார். ஒருவரும் கல் இருக்கைப் பக்கம் வரவில்லை. எனக்கு மூச்சு ஒழுங்காக வந்தது.

நான்காவது ஆள் பேசும்போது பல் வைத்தியர் கூட்டத்திலிருந்து விலகி வந்தார். கைலேஞ்சியால் கழுத்தைத் துடைத்தார். சுற்றிப் பார்த்தார். கல் இருக்கையில் உட்கார்ந்தார்.

தடி உயர்ந்தது.

நான் திறக்கவில்லை. சுகந்தியின் முகம் வந்தது. இருபது வருடமாகப் புதுப்பித்துப் புதுப்பித்து வைத்திருந்த பெர்மிட் அட்டைகள் வந்தன. தடி கீழே இறங்கியது. நல்லது, முடிந்தது என்று நினைத்தேன்.

தடி மறுபடியும் உயர்ந்தது. இந்தமுறை கை நடுங்குவது நன்றாகத் தெரிந்தது. சீன்யோரா பல் வைத்தியரைப் பார்க்கவில்லை. பேச்சாளரையும் பார்க்கவில்லை. சுவரில் இருந்த பிளவை, அதாவது என் கண்ணை, நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். தடியை இறக்கவே இல்லை.

தம்பி கடைசியாகத் தொலைபேசியில் பேசியபோது ஒரு சின்ன விசயம் கேட்டான். அதை இங்கே எழுதப் போவதில்லை. பிறகு செய்வோம் என்று சொல்லியிருந்தேன்.

திருகைக் கடைசிவரை திறந்தேன்.

உள்ளேயே ஒளிந்திருந்திருக்கலாம். அந்த அறை அதற்காகக் கட்டியதுதான். ஆனால் கைகால்கள் தாமாக வெளியே வந்துவிட்டன. பேச்சு நின்றிருந்தது. பிறகு ஒரு சிரிப்புக் கேட்டது. சீன்யோரா வாயைத் திறந்து, தோள் குலுங்க, இருமி இருமிச் சிரித்துக்கொண்டிருந்தார். மூன்று வருடத்தில் அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

பல் வைத்தியர் எழுந்தார். நான் ஜன்னல் துடைக்கும் துவாயை நீட்டினேன். வாங்கி முகத்தைத் துடைத்தார். என்னை ஒருதரம் பார்த்தார். துவாயை நான்காக மடித்துத் திருப்பித் தந்துவிட்டுக் காருக்குப் போனார். நடக்கும்போது சப்பாத்து சத்தம் போட்டது.

வீட்டில் சுகந்தி இடியப்பம் பிழிந்துகொண்டிருந்தாள். சொன்னேன். உரலைக் கீழே வைத்தாள்.

"இருபத்தைஞ்சு பேர் வந்தவை எண்டு சொல்லுறியள். அதுக்குள்ள அவரைத்தானோ?"

"அவர்தான் இருந்தவர்."

இரண்டு வாக்குமூலம்

விசாரணை கொமூனேயின் மாடியில் நடந்தது. ஐந்து பேர் ஒரு பக்கம், நாங்கள் இருவரும் மறுபக்கம். சுகந்தி பச்சைச் சேலை கட்டியிருந்தாள். மாநிலங்கள் எத்தனை, ஊருக்குப் பின்னால் நிற்கும் மலைக்கு என்ன பெயர், திருவிழாவில் சந்தியில் என்ன சமைப்பார்கள் என்று கேட்டார்கள். எல்லாம் சொன்னோம். சுகந்தி அங்கே சமைக்கும் சோற்றின் பக்குவத்தையும் சேர்த்துச் சொன்னாள்.

கடைசியில் பல் வைத்தியர் ஒரு கடிதத்தை எடுத்தார்.

"சீன்யோரா எழுதியிருக்கிறா. அண்டைக்குத் தண்ணியைத் தன்ர கையால திறந்தவவாம். வேலையாளுக்கு ஒண்டும் தெரியாதாம்." என்னைப் பார்த்தார். "இது சரியோ?"

குகைக்குள் இறங்கப் பதினொரு படிகள். சீன்யோரா மூன்று படிக்கு மேல் இறங்கமாட்டார். தவிர, தண்ணீர் பாய்ந்தபோது அவர் எல்லோருக்கும் முன்னால்தான் இருந்தார். இது அந்த மேசையில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். ஓம் என்று நான் சொன்னால் போதும், கடிதத்தை மூடிவிடுவார்கள். மேசைக்குக் கீழே சுகந்தி என் தொடையைக் கிள்ளினாள். ஓம் என்று சொல்லச் சொல்லிக் கிள்ளினாளா, வேண்டாம் என்று கிள்ளினாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"இல்ல. நான்தான் திறந்தனான்."

"அப்ப சீன்யோரா பொய் எழுதியிருக்கிறாவோ?"

"அவ திறக்கச் சொன்னவ. கை என்ர கை."

"நான் அங்க இருக்கிறன் எண்டு தெரியுமோ?"

"தெரியும். உள்ளுக்க இருந்து பார்த்தனான்."

"இந்தக் கிழமை உங்களை விசாரிக்கப் போறன் எண்டும் தெரியும்."

"ஓம்."

"மனவருத்தமோ?"

"உங்கட கோட்டுக்கு மனவருத்தம். தண்ணிக்கு இல்ல."

ஓர் ஆள் பேனையைக் கீழே வைத்தார். அப்போது சுகந்தி, யாரும் கேட்காமலே, பேசத் தொடங்கினாள்.

"எனக்கு இவர் திறக்கமாட்டன் எண்டு வாக்குத் தந்தவர். எனக்குப் பொய் சொன்னவர். உங்களுக்கு உண்மை சொல்லுறார். அதையும் எழுதுங்கோ."

பல் வைத்தியர் எழுதினார். என்ன எழுதினார் என்பது தெரியவில்லை. எங்களை வெளியே நிற்கச் சொன்னார்கள். அரை மணி நேரம் கழித்து ஒரு பெண் வந்து, முடிவு கடிதத்தில் வரும், போகலாம் என்றாள். படியிறங்கும்போது சுகந்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கோடை போயிற்று. கடிதம் வரவில்லை. எலுமிச்சைகளைக் கூடத்துக்குள் ஏற்றினோம். கடிதம் வரவில்லை. சுகந்தி தபால்பெட்டியைப் பார்ப்பதை எனக்கு விட்டுவிட்டாள்.

ஆறு பேர்

சீன்யோரா மாசியில் போனார். நித்திரையில் போனார் என்றார்கள். பெட்டியை வீட்டு வாசலிலிருந்து பூங்கா வழியாக வெளிக் கேற்வரை ஆட்கள் தோளில் சுமக்க வேண்டும் என்று எழுதி வைத்திருந்தார். ஆறு பேரின் பெயரையும் அவரே எழுதியிருந்தார். புரூனோவின் பெயர் நடுவில் இருந்தது. முன்னுக்கு இரண்டு பேர். இடது பக்கம் பல் வைத்தியர், வலது பக்கம் நான்.

நான் சைவக்காரன், உங்கள் கோயில் முறை தெரியாது என்று பாதிரியாரிடம் சொன்னேன். "தூக்கத் தெரியும்தானே?" என்று கேட்டார்.

சரளைக் கல் பாதை. இரண்டு பக்கமும் உயரமான சைப்பிரஸ் மரங்கள். ஆட்கள் வரிசையாக நின்றார்கள். சுகந்தி கறுப்புக் கோட்டுக்குள் வெள்ளைச் சேலை கட்டி வந்திருந்தாள். பெட்டி நான் நினைத்ததைவிடப் பாரம் குறைவு. பிரச்சினை அதுவல்ல. பல் வைத்தியர் குள்ளம். நான் நிமிர்ந்து நடந்தால் பெட்டி அவர் பக்கம் சரிந்தது. அதனால் இருநூறு மீட்டரும் முழங்காலை மடித்தபடியே நடந்தேன். புரூனோ எனக்குப் பின்னால், மடங்காத காலோடு, மெதுவாக இத்தாலியனில் ஏதோ ஏசிக்கொண்டே வந்தார். அழுதுகொண்டும் வந்தார்.

பாதி வழியில்தான் என் முகம் நனைந்திருப்பது எனக்குத் தெரிந்தது. கை இரண்டும் பெட்டியில் இருந்ததால் துடைக்க முடியவில்லை. 2009க்குப் பிறகு நான் அழுதது அதுதான் முதல் தடவை. தம்பிக்குப் பெட்டி இருக்கவில்லை.

கேற்றில் காருக்குள் வைத்தோம். பல் வைத்தியர் தோளைத் தடவிக்கொண்டு நின்றார். நான் முழங்காலைத் தடவிக்கொண்டு நின்றேன். கார் போய் மறையும்வரை அவர் பொறுத்திருந்தார். பிறகு, பாதையைப் பார்த்தபடியே, வேறு யாருக்கோ சொல்வதுபோலச் சொன்னார்.

"திங்கட்கிழமை கடிதம் வரும். நான் இதைச் சொல்லக்கூடாது. வரேக்க ஆச்சரியப்படுங்கோ."

திங்கட்கிழமை பதினொரு மணிக்கு வந்தது. சுகந்தி வேலைக்குப் போயிருந்தாள். வீட்டில் வேறு ஒருவரும் இல்லை. இருந்தாலும் கடிதத்தைப் பிரித்து, கதவடியில் நின்று, அவர் கேட்டுக்கொண்டபடியே ஆச்சரியப்பட்டேன்.